பக்கிள் உள்பக்கம் இருந்த செருப்பு

ஓடிப்போனாள் என்று இன்னொரு தடவை என் காதுபடச் சொல்லாதீர்கள். ஓடிப்போகிறவள் தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, நல்ல வெயிலில், குழாயடியில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு போவாளா? நீங்களும்தான் நின்றீர்கள். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றீர்கள். இப்போது வந்து, தாமஸ் என்று ஒருத்தன் இருந்தான், கம்ப்யூட்டரிலேயே பழக்கம் பிடித்து அவனோடு போய்விட்டாள் என்கிறீர்கள். தாமஸை உங்களில் யாராவது கண்ணால் பார்த்ததுண்டா? இல்லை. அப்புறம் அவன் பேர் மட்டும் உங்கள் வாய்க்கு எப்படி வந்தது? அதை ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நான் யோசித்தேன். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

ஜெயபுஷ்பம் குடியாத்தத்துப் பெண். பத்தாவது வரை படித்தவள். கல்யாணம் ஆகி இந்த ஆம்பூருக்கு வந்த பிறகு ஒரு ஷூ கம்பெனியில் செக்கராக இருந்தாள். தைத்து வருகிற மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு தையல் தாண்டியிருந்தாலும் கோடு கிழித்துத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மிளகாய்த்தூள் டப்பா, உப்பு டப்பா, பழைய துணி மூட்டை எல்லாவற்றிலும் பேர் எழுதி ஒட்டுவாள். "கம்பெனில பார்ட்டி பேர் எழுதாத மூட்டையைத் தொடவே மாட்டோம் பெரிம்மா. அப்படியே கை பழகிடுச்சு" என்பாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் ஜெனிஃபா நர்ஸ் படிப்புக்கு வேலூர் ஹாஸ்டலில் சேர்ந்தாள். வீடு புருஷனுடைய அண்ணன் தேவானந்தத்தின் பேரில் இருந்தது. மாடியில் அவரும் அவர் பெண்டாட்டியும், கீழே இவள். தேவானந்தம் ஜாப் ஒர்க் ஏஜென்ட். பெரிய கம்பெனிகளில் வெட்டிய தோலை வாங்கிவந்து ஷெட்டிலும் வீடுகளிலும் கொடுத்துத் தைத்து, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஜெயபுஷ்பம் கம்பெனியை விட்டுவிட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு அவருக்குத் தைத்தாள். கூட மோகனா என்று ஒரு பெண். பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி, கை சுத்தம். மூட்டையைக் கொடுக்கும்போதும் தேவானந்தம் ஒரு குறை சொல்வார், வாங்கும்போதும் ஒரு குறை சொல்வார். தைத்தது யார் என்று கம்பெனிக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். தானே ஒரு செருப்பு டிசைன் செய்ய வேண்டும், தானே ஒரு கடைக்காரரிடம் ஆர்டர் வாங்க வேண்டும், அந்த மூட்டையில் தன் பேரை எழுத வேண்டும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அட்டையை வெட்டுவாள். தோல் துண்டை ஒட்டுவாள். லேடீஸ் செருப்பு, கணுக்காலைச் சுற்றி ஒரு வார், அதற்கு ஒரு பக்கிள். நம் ஊர் வழக்கப்படி சேம்பிள் என்றால் ஒற்றைக்கால்தானே? ஒற்றைக்கால் செருப்பாக அவள் அலமாரியில் வரிசையாக நிற்கும்.

தாமஸ் என்பவர் பெங்களூரில் லேடீஸ் செருப்புக் கடை வைத்திருந்தார். இவள் செக்கராக இருந்தபோது கம்பெனிக்கு ஒரு தடவை வந்து, இவள் வேலையைப் பார்த்துவிட்டு கார்டு கொடுத்துவிட்டுப் போனவர். அந்தக் கார்டை அவள் பைபிளுக்குள் வைத்திருந்தாள். உங்கள் தாமஸ் அவர்தான்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் நம் தெருவுக்கு நெட் வந்தது. பரணிதரன் என்கிற பையன் பஜாரில் கடை போட்டு, வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தான். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு, முருங்கை மரத்தில் சுற்றி, கொடிக்கம்பியோடு கம்பியாக வயர் இழுத்தான். தேவானந்தத்தின் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பெட்டி வைத்து, மாடியில் அவர் கம்ப்யூட்டருக்கும் கனெக்ஷன் கொடுத்தான். ஏதோ ஒரு கம்பெனி மூடியபோது விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஜெயபுஷ்பம் வாங்கி வைத்திருந்தாள். கனெக்ஷன் கொடுக்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, உங்களுக்கு இன்னொரு சவுகரியமும் பண்ணித் தர்றேன்" என்றான் பரணிதரன். "ஒரு வீட்ல பாட்டு இருந்தா தெருவுக்கே இருக்கிற மாதிரி. யார்கிட்டயும் போய் சிடி கேக்க வேணாம். எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டுப் போறேன்."

"நல்லதுப்பா" என்றாள் அவள். பாட்டுதானே என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நெட் வந்தது என்று பேர். மழை பெய்தால் வராது. காற்று அடித்தால் வராது. மாடி வீட்டுக்காரி, அதுதான் தேவானந்தத்தின் பெண்டாட்டி, கொடியில் ஈரப் போர்வையைப் போட்டால் வராது. மாதம் பிறந்தால் பரணிதரனின் ஆள் மட்டும் தவறாமல் வருவான். அவள் போனில் கத்துவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்பா. காலையிலருந்து அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன். இன்னாது? சென்னையிலயே போயிடுச்சா? நேத்தும் அதானே சொன்னே? சென்னை நேத்து போயி இன்னும் திரும்பி வரலையா? கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கினியா? இதுவரைக்கும் எழுதினதெல்லாம் எங்கப்பா போச்சு?"

தாமஸுக்கு ஒரு கடிதம் எழுத உட்காருவாள். கம்பெனியில் கற்றுக்கொண்ட இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவாள். முக்கால்வாசி முடித்திருப்பாள், லைன் போய்விடும். தட்டியதெல்லாம் காணாமல் போய்விடும். ஒரு நாள் அழுதே விட்டாள். லீவுக்கு வந்த ஜெனிஃபாதான் ஒரு வழி சொன்னாள்.

"அம்மா, நேரா எழுதாதம்மா. மொதல்ல கம்ப்யூட்டர்ல தனியா எழுதி வச்சிக்கோ. போட்டோவும் அதுக்குள்ளயே போட்டு வை. லைன் எப்ப வருதோ அப்ப எடுத்து அனுப்பிடு."

அப்படியே செய்தாள். எழுதியதையும், நம் தெரு அக்தரி பேகத்தின் மகன் சவுதியிலிருந்து கொண்டுவந்த கேமராவில் எடுத்த செருப்புப் படங்களையும் கம்ப்யூட்டருக்குள் ஒன்றாக ஒரு இடத்தில் வைத்தாள். வைத்ததோடு நிற்கவில்லை. அவள் கை பழகிய கை அல்லவா? அதன் மேல் சரக்கு வாங்குகிற பார்ட்டி பேரையும் எழுதி வைத்தாள். தாமஸ்.

அந்த மாதத்திலேயே குழாயடியில் பேச்சு வந்தது. மாடி வீட்டுக்காரிதான் ஆரம்பித்தாள்.

"இன்னா பெரிம்மா, உங்க பக்கத்து வீட்டம்மா யாரோ தாமஸுக்கு லெட்டரா எழுதித் தள்ளுறாளாமே?"

"யாருடி அது தாமஸ்?"

"அதை அவளைக் கேளு. டியர்னு வேற ஆரம்பிக்குதாம். புருஷன் போன வீட்ல டியர் இன்னா வேண்டிக்கெடக்கு?"

எல்லாரும் சிரித்தீர்கள். நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"யாருடி தாமஸ்?" என்றேன்.

பசை தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "உங்களுக்கு யார் சொன்னா?"

"குழாயடியில சொல்றாங்க. டியர்னு எழுதுறியாமே."

"கம்பெனிக்கு எழுதற லெட்டர்ல டியர்னுதான் எழுதணும் பெரிம்மா. மாட்டுத்தோல் வேணும்னு கேக்கிறவனும் டியர்னுதான் எழுதுவான்." கார்டைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு முகம் மாறியது. "இந்தப் பேரு எனக்கும் ஜெனிஃபாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாதே. யாருக்கும் வாயைத் தொறக்கலையே நான்."

பேச்சை விடுங்கள், பேசிவிட்டுப் போகட்டும் என்று அவள் இருந்திருப்பாள். ஆனால் அடுத்த வாரம் தாமஸிடமிருந்து பதில் வந்தது. உன் டிசைன் நன்றாக இருக்கிறது, ஆனால் இதே டிசைனை ஆம்பூரிலிருந்தே வேறு ஒரு பார்ட்டி உன்னைவிடக் கம்மி விலைக்குத் தருவதாக எழுதியிருக்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தார். அதை எனக்குப் படித்துச் சொன்னாள். அந்த வாரை அப்படி முறுக்கிவிட அவள் எத்தனை அட்டையைக் கிழித்துப் போட்டாள் என்று பார்த்தவள் நான்.

வேறு டிசைன் செய்து அனுப்பினாள். அதுவும் அதே கதை. இவள் அனுப்பிய சூட்டோடு அந்த இன்னொரு பார்ட்டியும் அனுப்பிவிட்டார்.

அவள் சந்தேகம் மோகனா மேல் விழுந்தது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைப்பவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், வாய் வேறு நிற்காது. வேறு யாரைச் சொல்வது?

"எந்த ஏஜென்ட்டுக்குடி சொல்றே?" என்று ஜெயபுஷ்பம் கேட்டது என் காதில் விழுந்தது.

"இன்னாக்கா சொல்றே?"

"என் சேம்பிளை வெளிய கொண்டுபோறது யாரு? நீயும் நானும்தானே இந்த ரூம்ல இருக்கோம்."

பிறகு மெஷின் மூடியைப் படாரென்று கவிழ்க்கிற சத்தம். "நான் பேசுறவதான்க்கா. திருடுறவ இல்லை" என்று சொல்லிவிட்டு மோகனா போய்விட்டாள். மறுநாளிலிருந்து தேவானந்தத்தின் ஷெட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அவளும் வயிற்றைக் கழுவ வேண்டுமே.

பிறகு ஒரு நாள் ஜெயபுஷ்பம் கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய் வேறு எதையோ தட்டிவிட்டாள். திரையில் பேர்கள் வரிசையாக வந்தன. தெருவில் நெட் வைத்திருக்கிற வீடுகளின் பேர்கள். நிசார் என்று ஒன்று இருந்தது. அக்தரி பேகத்தின் மகன் பேர் அது. அதைத் தட்டினாள். அந்த வீட்டு மருமகளின் மருதாணிப் படங்கள் வந்தன. பெண்கள் மட்டும் இருந்து, பெண்கள் மட்டும் எடுத்த படங்கள். தலையில் துப்பட்டா இல்லாமல், கூந்தலை அவிழ்த்து விட்டு, சிரித்துக்கொண்டு. சவுதிக்குத் திரும்பிப்போன நிசாருக்கு அனுப்புவதற்காகக் கம்ப்யூட்டரில் வைத்தவை. ஜெயபுஷ்பம் பாம்பைத் தொட்டவள்போலக் கையை எடுத்து, பெட்டியையே அணைத்துவிட்டாள்.

அணைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நான் அவர்கள் வீட்டுக்குள் இங்கிருந்தே போக முடிகிறது என்றால், என் வீட்டுக்குள் யார் யார் வந்து போகிறார்கள்?

அக்தரி பேகத்தை நாம் எல்லாரும் அக்கா முறையில் ஆபா என்றுதான் கூப்பிடுவோம். ஆபாவிடம் போய்ச் சொன்னாள். ஆபா புர்காவை மாட்டிக்கொண்டு, "நட" என்றாள். நானும் கூடப் போனேன்.

பரணிதரன் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். எங்கள் மூன்று பேரையும் பார்த்து எழுந்து நின்றான். அந்த மரியாதை இருந்தது.

"ஏன்ப்பா, என் மருமக போட்டோ எல்லார் வீட்டுக்கும் போகுதா?" என்றாள் ஆபா.

"போகலம்மா. அது உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்குது. பாக்கணும்னு நெனைக்கிறவங்க வந்து பாக்கலாம், அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"நீங்கதாம்மா பாஸ்வேர்டு போட்டு வச்சிக்கணும்."

"கதவே வைக்காம வீட்டைக் கட்டிக் குடுத்துட்டு, பூட்டை மட்டும் என்னை வாங்கிக்கச் சொல்றியா?"

"பசங்கதான் கேட்டாங்கம்மா, பாட்டு எடுக்கணும், கேம் ஆடணும்னு. இப்ப மூடினா தெருவே சண்டைக்கு வரும்."

ஜெயபுஷ்பம் நடுவில் புகுந்தாள். "தம்பி, என் கம்ப்யூட்டர்ல வந்து பாத்தது யாருன்னு சொல்ல முடியுமா?"

"அதெல்லாம் எங்ககிட்ட இருக்காதுக்கா."

"நாங்க எவ்ளோ நேரம் நெட் பாத்தோம்னு சரியா கணக்கு வச்சிக்கினு வர்றியே?"

"அது வேற சாஃப்ட்வேர்க்கா." தலையைச் சொறிந்தான். "கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கிறேன். டெக்னீஷியன் வந்து பாப்பார்."

"எப்ப?"

"வருவார்க்கா."

ஆபா வீட்டுக்குப் போனதும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, வயரைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அவள் வீட்டுக்கு அப்பால் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அந்த வயர் வழியாகத்தான் நெட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாதித் தெரு இருட்டானது மாதிரி ஆகிவிட்டது. மாதக்கணக்கில் கூப்பிட்டும் வராத டெக்னீஷியன், சாதம் வடிக்கிற நேரத்துக்குள் பைக்கில் வந்து நின்றான்.

"யாரும்மா வயரை வெட்டினது?"

"நான்தான். எதுக்குன்னு கம்ப்ளெய்ன்ட்ல எழுதி வச்சிருக்கான் உன் முதலாளி. போய்ப் படிச்சிக்கோ."

அவன் ஆபா வீட்டை விட்டுவிட்டு வேறு வழியாக வயரை இழுத்துக்கொண்டு போனான்.

நீயும் வெட்டிவிடு என்று ஜெயபுஷ்பத்திடம் நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"வெட்டிட்டா யாருன்னு தெரியாமயே போய்டும் பெரிம்மா. என் டிசைன் போனா இன்னொண்ணு பண்ணிக்குவேன். ஆனா மோகனாவை வாய் தவறி இல்ல, வேணும்னே சொன்னேன். யாருன்னு தெரியாம அவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

பிறகு அலமாரியைத் திறந்து அட்டை எடுத்தாள். புதிதாக ஒரு செருப்பு செய்தாள். அழகான செருப்பு. தேன் நிறத் தோல், மெல்லிய வார். ஒற்றைக்கால். என் கையில் கொடுத்தாள். நானும் வாழ்நாளெல்லாம் இந்த ஊரில் இருப்பவள்தானே, திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இன்னாடி இது? பக்கிள் உள்பக்கமா இருக்குது?"

பக்கிள் எப்போதும் வெளிப்பக்கம்தான் வரும். உள்பக்கம் வைத்தால் நடக்கும்போது இரண்டு காலின் பக்கிளும் ஒன்றோடொன்று மோதும், கணுக்காலைக் கிழிக்கும். தையல் பழகுகிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரிகிற சங்கதி.

"இருக்கட்டும்" என்றாள். "போட்டோல பாத்தா அழகாத்தானே இருக்கும்? தைக்கிறவளுக்குத்தான் தெரியும். தைக்காதவனுக்குத் தெரியாது."

போட்டோ எடுத்தாள். அதோடு ஒரு கடிதமும் எழுதினாள், நீங்கள் முடிவு செய்த இந்த டிசைனில் கிறிஸ்துமஸுக்குள் சரக்கு அனுப்புகிறேன், கொஞ்சம் அவசரம்தான் என்று. இரண்டையும் தாமஸ் என்று எழுதிய அந்த இடத்தில் வைத்தாள். அனுப்பவில்லை. லைன் நன்றாக இருந்த நாளில்கூட அனுப்பவில்லை. திருடுகிறவன் அதைப் பார்த்து, ஆர்டர் நிச்சயம் என்று முந்திக்கொண்டு தைக்கட்டும் என்பது அவள் கணக்கு. வைத்துவிட்டுத் தேவானந்தம் கொடுத்த மூட்டையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மோகனாவே ஒரு நாள் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வராமல் பேசினாள்.

"உன்கூடப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். பேசாம இருக்க முடியலை. எந்தக் கூறுகெட்டவன் டிசைன் போட்டான்னு தெரியலக்கா. ஷெட்ல மூட்டை மூட்டையா வெட்டி வந்திருக்குது. பக்கிள் உள்பக்கம்! சூப்பர்வைசர்கிட்டப் போய், சார் இது தப்புன்னேன். 'சேம்பிள் எப்படியோ அப்படித் தை, பார்ட்டி கேட்டதை நீ கேக்காதே'ன்றான். நாங்களும் தைச்சுக் குடுத்துட்டோம். இதைப் போட்டுக்கினு எந்த மகராசி விழப்போறாளோ."

அப்படித்தானே நம் ஊரில் வேலை? சேம்பிளில் இருப்பதை எவளும் மாற்ற மாட்டாள். மாற்றினால் மூட்டை திரும்பி வரும். கம்பெனியில் முதல் நாள் சொல்லித்தருவதே அதுதான்.

"தேன் கலரா?" என்று ஜெயபுஷ்பம் கேட்டாள்.

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"யார் ஷெட்டு?"

"நான் வேற எங்க போறேன்? உங்க மாமா ஷெட்டுதான்."

ஜெயபுஷ்பம் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து மோகனாவின் கையில் வைத்தாள். மோகனா அதையே பார்த்தாள். மாடியைப் பார்த்தாள். மறுபடி செருப்பைப் பார்த்தாள்.

"மோகனா, நான் உன்னை அன்னிக்குச் சொன்னது..."

"வேணாம். டீ போடு" என்று சொல்லிவிட்டு மோகனா உள்ளே வந்து தன் பழைய மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தேவானந்தம் வெள்ளைச் சட்டையோடு படியேறப் போனார். ஜெயபுஷ்பம் படிக்கட்டில் வழியை மறித்து நின்றாள். நான் என் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வேண்டுமென்றுதான் உட்கார்ந்திருந்தேன், மறைக்க மாட்டேன்.

"மாமா, இதுல பக்கிள் எந்தப் பக்கம் இருக்கணும்?"

அவர் செருப்பைப் பார்த்தார். "இன்னா கேள்வி இது, கோயில்லேர்ந்து வர்ற நேரத்துல?"

"இதை நான் யாருக்கும் அனுப்பலை. என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு. உங்க ஷெட்ல மூட்டை மூட்டையா தைச்சிருக்காங்க. மேல உக்காந்து என் பொட்டியைத் தெறந்து பாத்தீங்களா?"

மனுஷர் மழுப்பவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பாத்தேன். தம்பி இல்லாத வீடு. எவனுக்கு இன்னா எழுதறேன்னு நான் பாக்காம யார் பாப்பா? அது என் பொறுப்பு."

"லெட்டரைப் பாத்தது பொறுப்பு. டிசைனை எடுத்துக்கினது எந்தப் பொறுப்பு மாமா?"

"நான் குடுத்த தோலைத் தைச்சுத்தானே சாப்புடுற? உன் டிசைன் என் டிசைன்னு இன்னா பேச்சு?"

மேலேயிருந்து அவர் பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "அந்தத் தாமஸ்கிட்ட கேக்கச் சொல்லுங்க நியாயத்தை" என்றாள்.

தேவானந்தம் கையை நீட்டினார். "இங்க பாரு. இந்த வீட்ல இருக்கணும்னா அந்தக் கம்ப்யூட்டரை நாளைக்கே மாடிக்குக் கொண்டாந்து வை. எழுதறதை என் கண்ணு முன்னாடி உக்காந்து எழுது. இல்லாட்டி உன் வழியைப் பாத்துக்கோ."

"சரி மாமா" என்றாள். அவ்வளவுதான். வழியை விட்டு நகர்ந்தாள். அவர் மேலே போனார்.

பெங்களூருக்குப் போய் ராத்தங்கினாள் என்று சொல்கிறீர்களே, அது மறுநாள் நடந்தது. ராத்தங்கவில்லை. மோகனாவைக் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் போய், சாயங்கால ரயிலில் திரும்பி வந்தாள். கடிதம் எழுதினால்தானே களவு போகிறது, நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று, பக்கிள் வெளிப்பக்கம் வைத்த சரியான சேம்பிளைத் துணிப்பையில் எடுத்துப்போனாள். மோகனா வந்து சொன்னதைச் சொல்கிறேன். தாமஸுக்குத் தலையில் முடியே இல்லையாம். கல்லாவில் உட்கார்ந்திருந்தது அவர் சம்சாரமாம். அந்தம்மாதான் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தாராம். ஆம்பூர் பார்ட்டி அனுப்பிய இன்னொரு போட்டோ வந்திருக்கிறது, அதில் பக்கிள் உள்பக்கம் இருக்கிறது, என்ன ஊரம்மா உங்கள் ஊர் என்று தாமஸ் சிரித்தாராம். ஆர்டர் கொடுத்தார்கள். பெரிய ஆர்டர் இல்லை. ஒரு கடைக்கு வேண்டிய அளவு. ஜெயபுஷ்பம் பேருக்கு.

பேரணாம்பட்டில் மோகனாவின் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு காலியாக இருந்தது. அதைப் பேசி முடித்தார்கள்.

போவதற்கு முன்னால் நெட் கனெக்ஷனை நிறுத்தச் சொல்லிப் பரணிதரன் கடைக்குப் போனாள். கனெக்ஷன் வீட்டுக்காரர் தேவானந்தம் பேரில் இருக்கிறது, அவர் வந்து எழுதிக்கொடுத்தால்தான் நிறுத்த முடியும் என்றானாம். "நான் போறேன்னாலும் அவரைக் கேட்டுக்கினுதான் போகணுமா?" என்று கேட்டிருக்கிறாள். "ரூல்ஸ்க்கா" என்றானாம். திரும்பி வருகிற வழியில் ஆபா வீட்டில் கத்தரிக்கோலை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு மெயின் ரோட்டில் நின்ற டெம்போவுக்குச் சாமான் கொண்டுபோகத் தள்ளுவண்டிக்காரன் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். முதலில் இரண்டு மெஷின். அதன் மேல் அட்டைக்கட்டு. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வைப்பதுபோல நடுவில் வைத்தார்கள். ஒற்றைச் செருப்புகளெல்லாம் ஒரு பெட்டியில். ஒவ்வொரு பெட்டியிலும் அவள் பேரை எழுதி ஒட்டியிருந்தாள். மாடியில் ஜன்னல் மூடியிருந்தது, ஆனால் திரை அசைந்தது. வெட்டுப்பட்ட வயர் சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் வருகிற நேரம், குழாயடி நிறையக் கூட்டம். "பின்பக்கச் சந்து வழியா போயிடேன்டி" என்றேன். "எல்லாம் அங்கதான் நிக்குதுங்க. ஒவ்வொண்ணும் ஒண்ணு சொல்லும்."

"சந்துல வண்டி போகாது பெரிம்மா."

"போகும். ரிக்‌ஷாவே போகுது."

அவள் சிரித்தாள். வீட்டைப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தாள். "மாமா கேட்டா குடுங்க. கேக்கலைன்னாலும் குடுங்க." பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டி இறங்கினாள். வண்டிக்காரன் இழுக்க, மோகனா பின்னால் தள்ள, இவள் முன்னால் நடந்தாள். நேராகக் குழாயடிக்கு.

நீங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டீர்கள். உங்களில் ஒருத்திதான், யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும், "எங்க கெளம்பிட்ட, தாமஸ் வீட்டுக்கா?" என்று கேட்டாள்.

ஜெயபுஷ்பம் நின்றாள். வண்டியும் நின்றது. கோபப்படவில்லை. மூட்டையைக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள்போல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பேரணாம்பட்டுக்கு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, கெணத்துத் தெரு. வேப்பமரம் வச்ச வீடு. தையல் தெரிஞ்சவங்க யார் வேணா வரலாம், வேலை இருக்குது."

சொல்லிவிட்டு வண்டிக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.